கலையச் சொல்லாத மௌனம்

சுபேதார் சென்னியப்பனின் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருந்தது. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் பஞ்சாப் எல்லைக் கரும்புக்காட்டில் உள்ளே புகுந்தது அது; அதற்குப் பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது, பென்ஷன் வந்தது, பேரன் பேத்தி வந்தார்கள், ஊரில் இருந்த தோட்டத்தை விற்றுவிட்டுத் தொண்டாமுத்தூர் ரோட்டில் பூஞ்சோலை மூத்தோர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடும் வந்தது, வண்டு மட்டும் வெளியே வரவில்லை. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். பெயர் வைத்தால் ஓடிவிடுமா என்ன? அந்த இரைச்சலுக்கு மேலே தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமானால் மனுஷன் கத்தித்தான் ஆக வேண்டும், ஆகவே காபி கேட்டாலும் கத்தல், சாமி கும்பிட்டாலும் கத்தல், கல்யாணமான புதிதில் நாகமணியிடம் ஆசையாக ஏதோ சொல்லப்போக, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து என்ன சண்டை என்று கேட்டார்கள்.

கத்திச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது, பிச்சாண்டி என்று பேர். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். ஒரே பீரங்கியில் இவர் குண்டை எடுத்துக் கொடுப்பார், அவன் வாங்கி உள்ளே திணிப்பான். எதிரிப் பக்கமிருந்து வந்த எந்தக் குண்டு சென்னியப்பன் காதில் வண்டை விட்டுவிட்டுப் போனதோ, அதே குண்டு பிச்சாண்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. செத்தவனைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசுவது மரியாதை இல்லை என்பது சென்னியப்பனின் கட்சி, மெதுவாகப் பேசுவதோ அவருக்கு வராது, ஆகவே இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி ஒருவரிடமும் அவர் பேசியதில்லை, கட்டின பெண்டாட்டி உட்பட. நாகமணிக்கு அவன் பேர் தெரியும், அதற்குமேல் கேட்டால் மனுஷன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பூஞ்சோலையில் ஒவ்வொரு டிசம்பரிலும் போர் வெற்றி தினத்தன்று பட்டாளத்துக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். பட்டாளத்துக்காரர் என்று அங்கே மிஞ்சி இருந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான், ஆகவே எல்லாப் பொன்னாடையும் அவருக்கே விழுந்து அலமாரி கதவு சாத்த முடியாமல் நின்றது. அந்த வருஷம் பக்கத்தில் இருந்த காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். லூர்து டீச்சர் இருபது பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வந்தாள், பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள், அப்புறம் சாப்பாட்டுக் கூடத்துக்கும் மகிழமரத்துக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் எல்லாரும் நிற்க, மாண்டவர்களுக்கு இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி. சென்னியப்பன் மார்பில் பதக்கங்களோடு முன்னால் போய் நின்று, பட்டாளத்து ஹிந்தியில் "சாவ்தான்!" என்று ஒரு குரல் விட்டார். மரத்தில் இருந்த மைனாக்கள் மொத்தமும் எழுந்து பறந்தன. ஊன்றுகோல்காரர்கள்கூட விறைத்து நின்றார்கள்.

இரண்டு நிமிஷம் ஆனதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவசகாயம், மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சட்டுப்புட்டென்று முடிக்கிறவர், மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் நன்றி, உள்ளே ராகி வடை சூடா இருக்கு, ஆறிப்போனா நான் பொறுப்பில்லை," என்றார். கூட்டம் கலைந்தது. சென்னியப்பனுக்கு அது காதில் விழவில்லை, எல்லாரும் நகர்வதைப் பார்த்தார், சரி முடிந்தது என்று அவரும் வடைக்குப் போனார்.

எல்லாரும் போனார்கள். மௌனம் மட்டும் போகவில்லை.

புல்வெளியில் ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு அது அங்கேயே நின்றது. முதலில் கண்டுபிடித்தவர் வனஜா அம்மாள். டல்லாஸில் இருக்கும் மருமகளோடு போனில் பேசிக்கொண்டே நடந்தவருக்குப் புல்வெளி ஓரத்தில் காலை வைத்ததும் பேச்சு அறுந்துபோனது, அதற்காக இரண்டு நாள் செல்போன் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார். அடுத்ததாக ஒரு மயில் அதற்குள் போய் நின்று கழுத்தை நீட்டி அகவியது, ஒன்றும் வரவில்லை, மறுபடி அகவியது, வரவில்லை, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று வெளியே போனது. அப்புறம்தான் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கை தட்டிப் பார்த்தார்கள், இருமிப் பார்த்தார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே எந்தச் சத்தமும் கிடையாது, வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது.

வயதானவர்கள் இதற்கெல்லாம் மலைத்துப் போகிறவர்கள் இல்லை. சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு அடுத்த விஷயமாக அதை எடுத்துக்கொண்டு, அது கரண்ட் கேட்கவில்லை, தண்ணி கேட்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். ஜெனரேட்டரைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள், காம்பவுண்டே நிம்மதியாயிற்று. அதன் பக்கத்தில் சமையல்கட்டுக் கிரைண்டரும் போனது. மதியம் குறட்டை விடுகிறவர்களின் கயிற்றுக்கட்டிலும் போனது. பரீட்சைக்குப் படிக்கிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள், தூங்காத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் இருவர் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பேச முடியாத இடத்தில் பேசாமல் இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லையே. சனிக்கிழமையானால் லூர்து டீச்சரின் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு அது எப்போதும் இருக்கிற இடம் மாதிரிதான், ஆனால் பெரியவர்கள் எல்லாரும் தங்களைப் போலவே ஆகிவிடுகிற இடம் அது ஒன்றுதான் என்பதால் ஒரே கொண்டாட்டம். கயல் என்ற பெண், ஏழாம் வகுப்பு, வாய் இருந்தால் ஊரை விற்றுவிடுவாள் என்று டீச்சரே சொல்கிற அளவு கையால் வாயாடுகிறவள், கிழங்கட்டைகளை உட்காரவைத்துச் சைகை பழக்கினாள். "சாப்பிட்டாச்சா" என்பதைத்தான் எல்லாரும் முதலில் படித்தார்கள்.

இன்னொரு உபயோகமும் இருந்தது, அதை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. வெளியே சொல்ல முடியாததை எல்லாம் அங்கே போய்ச் சொன்னார்கள். வனஜா அம்மாள் தினமும் காலையில் உள்ளே போய் மருமகளை வாயாரத் திட்டிவிட்டு, முகம் கழுவினது போல வெளியே வருவார். வீட்டில் வாயைத் திறந்தாலே கழுதை வந்துவிட்டது என்று காலஞ்சென்ற மனைவியிடம் பேர் வாங்கின தேவசகாயம், அங்கே நின்று கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, மணிக்கணக்கில் பாடினார்.

சென்னியப்பன் பேப்பர் படிக்கத்தான் அங்கே போனார். காலை வைத்தார், வண்டு நின்றது.

செத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு முழங்கால் வலித்தது, சரி சாகவில்லை. காதுக்குள் தண்ணீர் வற்றின கிணறு போல அவ்வளவு சாந்தம். கரும்புக்காட்டுக்குப் பிறகு இப்படி ஒரு காலை அவருக்கு வந்ததே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஆசை தீர அழுதார், அழுது முடித்த பிறகு, கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போன தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மெள்ள, "பிச்சாண்டி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆனால் அது மெதுவாக வந்தது என்பது தொண்டைக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து காலைக் காபி முடிந்ததும் பெஞ்சுக்குப் போய்விடுவார். நாகமணி வாசல் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். உதடு அசையும், கை அசையும், சில நாள் மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார், சில நாள் அப்படியே தலையைக் குனிந்துகொள்வார்.

"ஏனுங், அங்க யாருகூடப் பேசறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒருத்தருமில்ல அம்மிணி!" என்று அவர் கத்தினது மெயின் ரோட்டுக்குக் கேட்டது.

நாகமணி மேலே கேட்கவில்லை. மனுஷன் முகம் தெளிந்திருக்கிறது, ராத்திரி தூங்குகிறார், அது போதாதா? ஆனாலும் தனக்கு ஒரு நாளும் சொல்லாததை ஒரு மரத்தடியில் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சித்திரை வெயில் வந்தது. மகிழமரம் இருந்தும் புல் காய்ந்தது. அப்போதுதான் மௌனம் கசிய ஆரம்பித்தது.

டல்லாஸ் மருமகள் லீவுக்கு வந்திருந்த சமயம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் ரசத்தில் கை வைத்திருந்தபோது, புல்வெளிப் பக்கமிருந்து வனஜா அம்மாளின் குரல் கணீரென்று வந்தது, "சாம்பாரா வைக்கறா அவ? மாட்டுக்குக்கூட ஊத்த மாட்டேன்!" தை மாதத்தில் சொன்னது, இப்போது வெளியே வந்தது. வனஜா அம்மாள் இலையிலேயே முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, அங்க நான் கார்க் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உங்களத் திட்டறதக் கேட்டீங்கன்னா இதெல்லாம் சும்மா," என்றாள். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு சிநேகிதமாகிவிட்டார்கள், அது வேறு.

ஆனால் மற்றவர்கள் தாங்கள் உள்ளே போய்ச் சொன்னதை எல்லாம் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார்கள். துணி காயப்போட்டவர்கள் தலைக்கு மேல் தேவசகாயத்தின் சங்கீதத்தில் ஒரு துண்டு விழுந்தது, மனைவி சொன்னது நியாயம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. அவசரக் கூட்டம் போட்டார்கள். மௌனத்துக்கு மேலே தகரக் கொட்டகை போடலாம், சுற்றி வலை கட்டலாம், எப்படியாவது அது இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கட்டும், நாம் போன பிறகு எப்படியோ போகட்டும் என்று பேசிக்கொண்டார்கள். சென்னியப்பனும் கொட்டகைக்குத்தான் கை தூக்கினார்.

அந்தச் சனிக்கிழமை கயல் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் வெறுங்காலோடு நின்றிருந்தவள், சட்டென்று குந்தி உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். சத்தம் கேட்காத பிள்ளைகளுக்குத் தரை பேசும். அவள் சென்னியப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கையால் சொன்னாள்: இங்கே ஆட்கள் நிற்கிறார்கள். நிறையப் பேர். கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். நடுங்குகிறார்கள்.

சென்னியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கித் தரையில் கை வைத்தார். இருந்தது. குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு, முன்பாதத்திலிருந்து குதிகாலுக்கு. எத்தனை ரெக்ரூட்டுகளை வெயிலில் நிறுத்திப் பழக்கியவர் அவர்! விறைப்பாக நிற்கிறவன் மயங்கி விழாமல் இருக்க, பூட்ஸுக்குள்ளேயே ரகசியமாக எடையை மாற்றிக்கொள்ளும் அசைவு அது, அவருக்குத் தெரியாதா? சாவ்தான் என்று சொன்னவர் யார்? கலையச் சொல்ல வேண்டியவர் யார்? "லைன் தோட்" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் வடை தின்னப் போன சுபேதார் யார்? மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும் அஞ்சலிக்கு வந்த மாண்டவர்கள் நிற்க, அவர்கள் நிழலில் உட்கார்ந்து இவர் காதைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி சென்னியப்பா," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அதுவும் வெளியே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அம்மிணி! அவங்கள நாந்தான் நிக்க வெச்சிருக்கறேன்! கலைச்சு விடோணும்!"

"விடுங்க," என்றாள் நாகமணி.

"கலைச்சா இந்த வண்டு திரும்பி வந்துரும்!"

"தெரியுமுங்க."

"சாகற வரைக்கும் போகாது!"

"அதுந் தெரியும்."

அவர் பதக்கப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அங்க நான் பேசினது பூரா வெளிய வந்துரும் அம்மிணி! அவன்கிட்டப் பேசினது. ஊரே கேக்கும்!"

நாகமணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அதைக் கேட்க எவ்வளவு ஆசை என்பதை அவள் சொல்லவில்லை. "வெயில்ல நிக்கறாங்கொ, பாவம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பதக்கங்களைக் குத்திக்கொண்டு சென்னியப்பன் வந்து நின்றார். சங்கத்தில் பாதிப் பேர் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். அவரவர் சொல்லி வைத்தது அவரவருக்கு. "பெரியவரே, ஒரு ஆடி மாசம் வரைக்கும் பொறுக்கலாமே," என்றார் தேவசகாயம், அவர் கவலை அவருக்கு. சென்னியப்பன் காதில் விழாதது போல இருந்துவிட்டார், அந்த வசதி அவருக்கு எப்போதும் உண்டு.

வெளியே நின்று, "லைன் தோட்!" என்று ஆணையிட்டார். அது மௌனத்தின் ஓரத்தில் பட்டு விழுந்தது. உள்ளே போய்க் கத்தினார், வாயில் இருந்து கிளம்பவே இல்லை. மைக் வைத்துப் பார்த்தார்கள். ஸ்பீக்கரை மூன்றாக்கிப் பார்த்தார்கள். கேட்காத இடத்தில் நிற்கிறவர்களுக்கு ஆணை போய்ச் சேர்வது எப்படி? எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றபோது, கயல் விடாமல் இழுத்ததால் ஞாயிற்றுக்கிழமையும் லூர்து டீச்சரும் பிள்ளைகளும் வந்தார்கள். கயல் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இவ்வளவு சின்ன விஷயம் தெரியவில்லையா என்பது போலச் சென்னியப்பனைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து ஆட்டிக் காண்பித்தாள்.

கை! பீரங்கி முழங்கும் இடத்தில் யாருக்கு என்ன கேட்கும்? அங்கே எல்லாமே கைதானே. சுடுவதற்குக் கையை இறக்குவார்கள். சுட்டு முடிந்தது, உட்காருங்கள், டீ வந்துவிட்டது என்று சொல்ல, அவர்கள் பீரங்கியின் ஹவில்தார் தலையில் இருக்கும் இரும்புத் தொப்பியைக் கழற்றிக் குப்புறத் திருப்பிப் பாத்திரம் மாதிரி ஏந்திக் காட்டுவார். அதைப் பார்த்ததும் ஆறு பேரும் அப்படியே தொப்பென்று மண்ணில் உட்காருவார்கள்.

சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார், தேவசகாயத்தின் கையில் இருந்த ஸ்கூட்டர் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். வயதான காலத்தில் மஞ்சள் ஹெல்மெட்டும் பதக்கமுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கடைசித் தடவையாக அந்தச் சாந்தத்தைக் காது நிறைய வாங்கிக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

முன்வரிசையில் புல் நிமிர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று, இவ்வளவு நாள் பாதங்கள் அழுத்தி வைத்திருந்த புல்லெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து, புல்வெளி மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டது. மகிழமரம் அசைந்தது. சில்வண்டு சென்னியப்பனின் காதுக்குள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. "வா," என்றார் அவர்.

உள்ளே கிடந்த சத்தங்கள் வெளியே வந்தன. பட்டாளத்துக்காரர்களோடு இருந்து பழகினதாலோ என்னவோ, அடித்துப் பிடித்து வராமல் வரிசையில் வந்தன. முதலில் மயிலின் அகவல் வந்தது, ஜெனரேட்டர் ஒரு உறுமு உறுமிவிட்டுப் போனது, கிரைண்டர் போனது, வனஜா அம்மாள் டல்லாஸைக் கிழித்துத் தொங்கப்போட்டார், மருமகள் கை தட்டினாள், தேவசகாயம் பாடினார், எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் முணுமுணுத்திருந்த மன்னிப்பு வந்தது, இருவரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல், கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி, குழைவாக. யாரது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஞ்சோலையில் அப்படி ஒரு குரல் யாருக்கும் இல்லை.

"பிச்சாண்டி, நாந்தான்டா," என்றது அது. "இன்னிக்கு இங்க கரும்புச் சாறு வாங்கிட்டு வந்தாங்கொ. எனக்கு வேண்டாம்னுட்டேன். நீ பல்லாலயே உரிச்சு, பாதிய ஒடிச்சு எனக்குக் குடுப்பே பாரு, அந்தக் கரும்பு அது. சண்டை முடிஞ்சதும் திருவண்ணாமலைல சைக்கிள் கடை வெக்கறேன்னியேடா, கடைக்குப் பேர்கூட எழுதச் சொல்லிட்டேன்னு பொய் சொல்லுவியே. கடைசியா நீ கை நீட்டினே. நாங் குண்டெடுக்கக் குனிஞ்சேன். நிமிந்தேன். நீ இல்ல. அவ்வளவுதான்டா. அவ்வளவு சுலபமாப் போயிட்டே."

நாகமணி கீரைக் கூடையைக் கீழே வைத்தாள். லூர்து டீச்சர் ஒன்றும் யோசிக்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பி அந்தக் குரலைக் கையில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள், பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அவள் விரல்கள் கரும்பு உரித்தன, சைக்கிள் மிதித்தன, குனிந்தன, நிமிர்ந்தன, ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டின. கயல் அழுதாள்.

"என்ற வீட்டுக்காரிகிட்ட உன்னயப் பத்திச் சொல்லோணும்டா," என்று குரல் போய்க்கொண்டிருந்தது. "சொன்னா கத்தித்தான் சொல்லோணும். உன்னயக் கத்திச் சொல்ல மனசு வரல. அவ ரொம்ப நல்லவ பிச்சாண்டி. காபிதான் கழுநீரு மாதிரி இருக்கும், இத்தன வருசமா நல்லாருக்குன்னே சொல்லிட்டேன். நீ இருந்திருந்தீன்னா, நான் அவள அம்மிணின்னு கூப்பிடறதுக்கு எங்கூடச் சண்டை போடுவே, நீ அண்ணின்னுதான் கூப்பிடுவே..."

சென்னியப்பன் ஹெல்மெட்டைப் பிடித்தபடி நடந்து வந்து நாகமணி பக்கத்தில் நின்றார். அவருக்கு வண்டைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தார், டீச்சரின் கைகளைப் பார்த்தார், அந்தக் கையில் திரும்பத் திரும்ப வந்த கரும்பைப் பார்த்தார். நாகமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரல் அது. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, உதட்டில் சிரிப்பு இருந்தது.

"அம்மிணி!" என்று அவர் கத்தினார். "என்ன கேக்குது? யாரு பேசறாங்கொ?"

நாகமணி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி அவர் வாயைப் பொத்தினாள்.

"சித்த சும்மா இருங்க," என்றாள். "நீங்க பேசிட்டிருக்கறீங்க."